கல்யாண வீடியோ எடிட்டிங்: வீடியோ கேமில் வேகமான கிராபிக்ஸ் கார்டுதான் இதற்கும் நல்லதா?

28 ஜூன் 2025, கேள்வி

அண்ணா, கல்யாண வீடியோ எடிட் செய்கிறேன். இத்தனை நாள் எடியஸ் என்ற எடிட்டிங் மென்பொருள். கேண்டிட் வேலை கூடியதால் டாவின்சி ரிசால்வ் ஸ்டூடியோ மென்பொருளை வாங்கிவிட்டேன். பிராசசர் ஐ5-12400எஃப், ரேம் 16 ஜிபி, கார்டு ஜிடிஎக்ஸ் 1650 (4 ஜிபி), எஸ்எம்பிஎஸ் (கணினிக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டி) 450 வாட். கேமரா சோனி ஏ7 மார்க் 4, 4கே, 10 பிட். டைம்லைன் திக்கித் திக்கி ஓடுகிறது, கலர் போட்டால் நின்றே விடுகிறது. கார்டுக்கு ஐம்பதாயிரம் வரை போடலாம். கேமில் எது வேகமோ அதுதான் எடிட்டிங்கிலும் வேகம் என்று கடையில் சொல்கிறார்கள். சரியா?

28 ஜூன் 2025, இரவு

சரியில்லை தம்பி. கேம் ஓட்டும்போது கார்டு செய்யும் வேலை வேறு, நம் வேலை வேறு. நமக்கு அது மூன்று வேலை செய்கிறது. கேமரா சுருக்கி வைத்திருக்கும் ஃபைலை விரித்து ஃப்ரேம் ஃப்ரேமாக எடுப்பது ஒன்று. அந்த ஃப்ரேமில் கலர், புள்ளிப்புள்ளியாகத் தெரிவதைக் குறைக்கும் நாய்ஸ் ரிடக்‌ஷன், ஆளைத் தனியே பிரிக்கும் மாஸ்க் எல்லாம் கணக்குப் போடுவது இரண்டாவது. முடிந்ததைத் திரும்பச் சுருக்கி எக்ஸ்போர்ட் செய்வது மூன்றாவது. முதலும் மூன்றும் நடப்பது கார்டுக்குள் தனியாக இருக்கும் ஒரு சிறு பகுதியில். கேம் அதைத் தொடுவதே இல்லை. அதனால் கேம் பட்டியலில் மேலே இருக்கும் கார்டு, உங்கள் ஃபைலைத் திறக்கவே தெரியாத கார்டாகவும் இருக்கலாம்.

10 பிட் என்று மட்டும் சொல்கிறீர்கள், அது போதாது. மீடியாஇன்ஃபோ என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. உங்கள் கிளிப் ஒன்றை அதில் போட்டு மூன்று விஷயம் பாருங்கள்: சுருக்கிய முறை ஏவிசியா (எச்.264) எச்இவிசியா (எச்.265), கலர் விவரம் 4:2:0வா 4:2:2வா, எத்தனை பிட். அதைச் சொல்லாமல் யாராவது கார்டு பெயர் சொன்னால் கேட்காதீர்கள். நானே சொன்னாலும்.

29 ஜூன் 2025

பதில் வரும்வரை கார்டின் மெமரி பற்றி எழுதிவிடுகிறேன். இதில்தான் அதிகம் பேர் காசை விடுகிறார்கள்.

எங்கள் ஸ்டூடியோவில் இரண்டு கணினி. ஒன்றில் ஆர்டிஎக்ஸ் 3060, 12 ஜிபி. இன்னொன்றில் 3060 டிஐ, 8 ஜிபி. கேமில் டிஐ தெளிவாக வேகம், அதில் சந்தேகமே இல்லை. சாதாரண கலர் வேலையிலும் டிஐ கொஞ்சம் முன்னால்தான் இருக்கிறது. ஆனால் 4கே டைம்லைனில், முன்பின் ஃப்ரேம்களையும் பார்த்துச் செய்யும் டெம்போரல் நாய்ஸ் ரிடக்‌ஷனும் மேஜிக் மாஸ்க்கும் சேர்த்துப் போட்டு எக்ஸ்போர்ட் கொடுத்தால், டிஐ நடுவழியில் ஜிபியு (கார்டு) மெமரி நிரம்பிவிட்டது என்று நிறுத்திவிடும். 3060 மெதுவாகப் போகும், ஆனால் முடித்துக் கொடுக்கும். வீடியோவை நாளைக்குக் கொடுக்க வேண்டும் என்ற நிலையில் எந்தக் கணினியில் போடுவோம் என்று சொல்லத் தேவையில்லை.

காரணம் எளிய கணக்கு. 3840 x 2160 என்றால் சுமார் 83 லட்சம் பிக்சல். ரிசால்வ் ஒவ்வொரு பிக்சலையும் 32 பிட் ஃப்ளோட்டில் கணக்கிடுகிறது. நான்கு சேனல், சேனலுக்கு நான்கு பைட், ஆகப் பிக்சலுக்கு 16 பைட். ஒரே ஒரு ஃப்ரேம் கிட்டத்தட்ட 133 எம்பி. டெம்போரல் நாய்ஸ் ரிடக்‌ஷனில் இரு பக்கமும் இரண்டு ஃப்ரேம் வைத்தால், நடுவில் உள்ளதையும் சேர்த்து ஐந்து ஃப்ரேம். உள்ளே போவது மட்டுமே 660 எம்பிக்கு மேல். இடைக்கணக்குக்கு இடம், அடுத்த நோடுக்கு (கலர் படிக்கு) இடம், மாஸ்க்கின் ஏஐ மாடலுக்கு இடம், திரையில் காட்ட இடம் எல்லாம் இதற்கு மேல். உங்கள் 4 ஜிபி கார்டு கலர் போட்டதும் நிற்பது ஏன் என்று இப்போது புரியும். அது பழுதில்லை, இடம் போதவில்லை.

இதே கணக்கு எச்டி டைம்லைனில் கால் பங்கு, ஃப்ரேமுக்கு 33 எம்பி. பெரும்பாலான வீடுகளுக்கு இன்னும் எச்டியில்தான் கொடுக்கிறோம். டைம்லைனை எச்டியில் வைத்து கிரேடு செய்தால் உங்கள் 1650கூட மூச்சு விடும். கார்டு வாங்கும்வரை அப்படி ஓட்டுங்கள்.

30 ஜூன் 2025

ஆர்டிஎக்ஸ் 4060 எப்படி என்று ஒருவர் கேட்டிருக்கிறார். 115 வாட் மட்டுமே இழுக்கும், சூடு குறைவு, ஏவி1 என்ற புதிய சுருக்குமுறையில் எக்ஸ்போர்ட் உண்டு. ஆனால் 8 ஜிபி. அடோபி பிரீமியரில் எச்டி வேலைக்குத் தாராளம். ரிசால்வில் 4கே கிரேடிங்குக்கு நான் சொல்ல மாட்டேன்.

இன்னொன்று, 4060, 4060 டிஐ, 5060 டிஐ இவையெல்லாம் மதர்போர்டோடு எட்டு லேனில்தான் (தரவு போகும் பாதையில்) பேசும். 3060 பதினாறு லேன். கார்டு செருகும் இடம் பழைய பிசிஐஇ 3 ஆக இருக்கும் போர்டில் எட்டு லேன் கார்டைச் செருகினால் போக்குவரத்துப் பாதை பாதியாகிறது. கார்டு மெமரி நிரம்பி ரேமுக்கு வழியும் நேரத்தில் அது நன்றாகவே தெரியும். 8 ஜிபி கார்டில் அந்த நேரம் சீக்கிரம் வரும்.

2 ஜூலை 2025

தம்பி மீடியாஇன்ஃபோ பார்த்துச் சொல்லிவிட்டார்: ஏவிசி, 4:2:2, 10 பிட். அதாவது எச்.264. சோனி மெனுவில் எக்ஸ்ஏவிசி எஸ் 4கே வைத்து எடுக்கிறார்.

இது எல்லாவற்றையும் மாற்றுகிறது. எச்.265 4:2:2 10 பிட்டாக இருந்தால், கார்டை விட்டுவிட்டு பிராசசரைப் பார்த்திருப்பேன். இன்டெல் பிராசசரின் உள் கிராபிக்ஸில் இருக்கும் குயிக் சின்க் என்ற வீடியோ பகுதி அதை நன்றாகத் திறக்கும், டெஸ்க்டாப்பில் 11ஆம் தலைமுறை முதல். இவருடையது 12ஆம் தலைமுறைதான், ஆனால் பெயரின் கடைசியில் எஃப் இருக்கிறது. எஃப் என்றால் உள்ளே கிராபிக்ஸ் இல்லை, குயிக் சின்க்கும் இல்லை. கொஞ்சம் விலை குறைகிறது என்று எஃப் பிராசசரைத் தலையில் கட்டும் கடைகள் எடிட்டிங் ஆட்களுக்குப் பெரிய தீங்கு செய்கின்றன. எஃப் இல்லாத 12400க்கு மாறினாலே எச்.265 ஆட்களுக்குப் பாதி வேலை முடிந்துவிடும். அல்லது இன்டெல் ஆர்க் ஏ380 என்ற சின்ன கார்டை இரண்டாவதாகச் செருகலாம்.

ஆனால் எச்.264 4:2:2 10 பிட்டுக்கு இந்தப் பிராசசரின் குயிக் சின்க்கும் உதவாது. என்விடியாவிலும் 30, 40 வரிசைகள் அதைத் திறக்காது. 4090 வாங்கி வைத்தாலும் அந்த ஃபைலைப் பிராசசர்தான் விரிக்க வேண்டும். 2025 தொடக்கத்தில் வந்த 50 வரிசையில்தான் என்விடியா எச்.264, எச்.265 இரண்டிலும் 4:2:2வைச் சேர்த்தது. டிரைவரும் ரிசால்வும் புதிய பதிப்பாக இருக்க வேண்டும்.

ஆக ஐம்பதாயிரத்துக்குள் என்றால் நான் சொல்வது ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ, 16 ஜிபி. அதே பெயரில் 8 ஜிபியும் விற்கிறார்கள். பெட்டியில் 16 என்று இருக்கிறதா, பில்லில் 16 என்று இருக்கிறதா, இரண்டையும் பாருங்கள்.

3 ஜூலை 2025

நேற்று எழுதியதைத் திரும்பப் படித்தேன். கார்டு விஷயத்தில் மாற்றமில்லை. ஆனால் கார்டு வாங்கினால்தான் வேலை ஓடும் என்ற தொனி வந்துவிட்டது, அது கூடாது. கடன் வாங்கிக் கார்டு வாங்கிய பையன்களை எனக்குத் தெரியும்.

டைம்லைன் திக்குவதற்கு பிராக்ஸி (எடிட்டுக்கு மட்டும் எடுக்கும் இலகுவான நகல்) போதும். இரவு தூங்கப் போகும்முன் அன்றைய ஃபுட்டேஜ் முழுவதையும் பிராக்ஸிக்குப் போட்டுவிடுங்கள், டிஎன்எக்ஸ்எச்ஆர் எல்பி என்ற எளிதில் விரியும் ஃபார்மேட்டில், பாதி அளவு. ரிசால்வோடு வரும் பிராக்ஸி ஜெனரேட்டர் ஒரு ஃபோல்டரைக் கவனித்துக்கொண்டு தானே செய்துகொள்ளும். காலையில் முகூர்த்தம், ரிசப்ஷன் மூன்று கேமரா மல்டிகேமாக இருந்தாலும் வெண்ணெய் போல ஓடும். ஹார்டு டிஸ்கில் இடம் பிடிக்கும், வேலை முடிந்ததும் அழித்துவிடலாம்.

கார்டுக்கு முன்னால் ரேமை 32 ஆக்குங்கள். 16 ஜிபியில் ரிசால்வும் குரோமும் ஒன்றாகத் திறந்தால் விண்டோஸ் டிஸ்கைப் பிறாண்ட ஆரம்பித்துவிடும்.

எது முட்டுகிறது என்று ஊகிக்கவும் வேண்டாம். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கம் போய், கார்டைத் தேர்ந்தெடுத்துவிட்டு பிளே பண்ணுங்கள். பிராசசர் முழுதாக ஏறி, வீடியோ டீகோட் கோடு தரையில் கிடந்தால் ஃபைல் திறப்பதில்தான் சிக்கல். டெடிகேட்டட் ஜிபியு மெமரி உச்சியில் ஒட்டிக்கொண்டால் இடம்தான் சிக்கல். இரண்டும் சும்மா இருந்து பிளே திக்கினால் டிஸ்கைப் பாருங்கள், யுஎஸ்பி வெளி டிஸ்கிலிருந்து நேரடியாக எடிட் செய்பவர்கள் ஏராளம்.

7 ஜூலை 2025

ஒருவர் கேட்டது: நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டால் எந்தக் கார்டும் படுத்துவிடுகிறது, அப்புறம் எதற்குப் பெரிய கார்டு?

நல்ல கேள்வி, ஆனால் பதில் கார்டில் இல்லை, மண்டபத்தில் இருக்கிறது. சோனியின் எஸ்-லாக்3 என்ற மங்கலான கலர் புரொஃபைல் வைத்து, வெளிச்சம் குறைந்த மண்டபத்தில், ஒரு ஸ்டாப் இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் பாதி வெளிச்சம்) இருட்டாக எடுத்துக்கொண்டு வருகிறார்கள். மானிட்டரில் லட் (லாக் கலரை இயல்பாக்கிக் காட்டும் அமைப்பு) போட்டுப் பார்க்கும்போது சுமாராகத் தெரியும். கிரேடிங்கில் தூக்கினால் மணப்பெண்ணின் பட்டுப்புடவை மேல் எறும்பு ஊர்வது போல நாய்ஸ். பிறகு டைம்லைன் முழுவதும் டெம்போரல், ஸ்பேஷியல் (ஒரே ஃப்ரேமுக்குள் செய்வது) இரண்டையும் போட்டுக் கார்டைத் திட்டுகிறார்கள்.

ஏ7 மார்க் 4ல் எஸ்-லாக்3யின் அடிப்படை ஐஎஸ்ஓ (வெளிச்ச உணர்திறன்) 800. சோனியின் எஃப்எக்ஸ்3 கேமராவில் இரண்டு, மேலே உள்ளது 12800. எஃப்எக்ஸ்3 வைத்திருப்பவர் மண்டபத்துக்குள் 6400ல் எடுப்பதைவிட 12800க்குத் தாவிவிடுவது சுத்தமாக இருக்கும். மார்க் 4க்காரர்கள் லைட் அண்ணனிடம் சொல்லி மேடைக்கு இன்னொரு லைட் போடச் சொல்லுங்கள், அல்லது உள்ளே எஸ்-லாக் வேண்டாம், எஸ்-சினிடோன் என்ற ரெடிமேட் கலர் போதும். லாக்கில் எடுத்தால்தான் சினிமா என்று யாரோ கிளப்பிவிட்டது நம் ரெண்டர் நேரத்தைத் தின்கிறது.

அதற்கு மேலும் நாய்ஸ் இருந்தால், இருக்கும் ஷாட்டுக்கு மட்டும் போடுங்கள். போட்டபின் ரெண்டர் கேஷ் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறை பிளே செய்யும்போதும் கார்டு அதே கணக்கைத் திரும்பப் போட வேண்டியதில்லை.

12 ஜூலை 2025

எஸ்எம்பிஎஸ். 5060 டிஐ 180 வாட் இழுக்கும், என்விடியா சொல்வது 600 வாட் எஸ்எம்பிஎஸ். தம்பியின் 450ஐ மாற்றத்தான் வேண்டும். பெயர் தெரியாத கம்பெனியில் 750 என்று எழுதியிருப்பதைவிட, நல்ல கம்பெனியின் 80 பிளஸ் பிரான்ஸ் தரச்சான்று உள்ள 650 மேல்.

யுபிஎஸ்ஸை யாருமே கேட்பதில்லை, ஊர்ப்பக்கம் அதுதான் உயிர்நாடி. 600 விஏ யுபிஎஸ் என்று வாங்கி வைத்திருப்போம். அது பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். எக்ஸ்போர்ட் நேரத்தில் 12400எஃப் 117 வாட் வரை போகும், கார்டு 180, போர்டும் டிஸ்கும் ஃபேனும் சேர்த்து ஒரு ஐம்பது அறுபது, மானிட்டர் முப்பது. கூட்டினால் 360ஐத் தாண்டிவிட்டது. கரண்ட் போன நொடியில் யுபிஎஸ் கத்திவிட்டு அணையும், நான்கு மணிநேர ரெண்டர் மண்ணாகும். ஆயிரம் விஏவுக்குக் கீழே வேண்டாம். இந்தச் செலவையும் ஐம்பதாயிரத்துக்குள்தான் அடக்க வேண்டும் என்றால் கார்டில் ஒரு படி இறங்கலாம், யுபிஎஸ்ஸில் இறங்காதீர்கள்.

ஜிஎஸ்டி பதிவு இருப்பவர்கள் ஸ்டூடியோ பெயரில் பில் வாங்குங்கள். 18 சதவீதம் உள்ளீட்டு வரியாகக் கணக்கில் கழியும். ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

18 ஜூலை 2025

ஆடி பிறந்துவிட்டது, முகூர்த்தம் இல்லை, கணினியைப் பிரித்துப் போட இதைவிட நல்ல மாதம் கிடையாது. ஆவணிக்குள் எல்லாம் செட்டாகிவிட வேண்டும்.

சென்னை ரிச்சி தெருவில் பழைய ஆர்டிஎக்ஸ் 3090 (24 ஜிபி) கிடைத்தால் எடுக்கலாமா என்று கேள்வி. மெமரி ஆசை எனக்கும் உண்டு. ஆனால் அது 350 வாட் கார்டு, மேலே சொன்ன எஸ்எம்பிஎஸ், யுபிஎஸ் கணக்கு எல்லாம் மறுபடி மாறும். தம்பியின் ஃபைலையும் அது திறக்காது. 2022 செப்டம்பரில் எத்திரியம் என்ற கிரிப்டோ நாணயத்தின் மைனிங் நின்றபோது இரவும் பகலும் ஓடிய கார்டுகள் மூட்டை மூட்டையாகச் சந்தைக்கு வந்தன, அவை இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. அப்படி ஒன்றை எனக்குத் தெரிந்த ஒரு பையனுக்கு ஒரு கடையில் புதிது போலத் துடைத்துக் கொடுத்தார்கள். அரைமணி நேரம் ரெண்டர் கொடுத்தால் திரை கறுத்துவிடும். திருப்பிக் கொண்டுபோனபோது டெஸ்டிங் வாரண்டி முடிந்துவிட்டது என்றார்கள்.

பழையது வாங்கியே ஆக வேண்டுமென்றால் பென்டிரைவில் ஜிபியு-இசட் என்ற மென்பொருளை எடுத்துப் போங்கள். கார்டின் பயாஸை (உள் மென்பொருளை) மாற்றிப் பழைய சிப்பைப் புதிய பெயரில் விற்பதை அது பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். உங்கள் சொந்த புராஜெக்ட் ஒன்றைக் கடையிலேயே இருபது நிமிடம் ரெண்டர் விடுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் அங்கே வாங்க வேண்டாம்.

20 ஜூலை 2025

மேக் மினி பற்றி இரண்டு பேர் கேட்டார்கள். எம்4 மேக் மினி எச்.265 4:2:2வை மிக அழகாக ஓட்டும், கரண்ட்டும் சொற்பம், ஒரு சின்ன யுபிஎஸ் போதும். புதிதாகத் தொடங்குபவர், ரிசால்வ் மட்டும் போதும் என்பவர், தாராளமாக யோசிக்கலாம். ஆனால் 16 ஜிபி என்றால் அதைத்தான் கணினியும் கிராபிக்ஸும் பங்குபோட்டுக்கொள்ளும், பின்னால் கூட்டவும் முடியாது. எடியஸ் விண்டோஸில் மட்டும்தான். பழைய எடியஸ் புராஜெக்டைத் திறந்து “அந்தத் தாலி கட்டும் இடத்தை மட்டும் மாற்றிக் கொடுங்க” என்று கேட்கும் வீட்டுக்காரர்கள் இருக்கும்வரை, நம் ஆட்கள் விண்டோஸை விட முடியாது.

ஏஎம்டி 9060 எக்ஸ்டி 16 ஜிபியையும் கேட்டார்கள். ரிசால்வ் ஓடும். நீங்கள் பயன்படுத்தும் பிளக்இன்கள் கூடா (CUDA, என்விடியா கார்டில் மட்டும் ஓடும் முறை) கேட்கின்றனவா என்று முதலில் பாருங்கள். கேட்டால் என்விடியா தவிர வழியில்லை.

9 ஆகஸ்ட் 2025

தம்பி 5060 டிஐ 16 ஜிபி, 32 ஜிபி ரேம், 650 வாட் எஸ்எம்பிஎஸ், 1100 விஏ யுபிஎஸ் வாங்கிவிட்டார். மொத்தம் அறுபதைத் தாண்டிவிட்டது என்கிறார். தெரியும், எல்லாருக்கும் தாண்டும்.

மாட்டியதும் செய்ய வேண்டியது: என்விடியாவின் ஸ்டூடியோ டிரைவர் போடுங்கள், கேம் டிரைவர் வேண்டாம். ரிசால்வில் பிரிஃபரன்சஸ் போய், மெமரி அண்ட் ஜிபியு பக்கத்தில் கூடா தேர்வாகியிருக்கிறதா, டீகோட் ஆப்ஷனில் எச்.264, எச்.265 வன்பொருள் டிக் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். மானிட்டர் கேபிள் கார்டில்தான் இருக்க வேண்டும், மதர்போர்டில் அல்ல. எஃப் இல்லாத பிராசசர் வைத்திருப்பவர்களும் இப்படித்தான், ஆனால் பயாஸில் உள் கிராபிக்ஸை ஆன் செய்துவிட வேண்டும். இல்லையென்றால் கார்டு மாட்டியதும் குயிக் சின்க் ஒளிந்துகொள்ளும்.

ஆவணியில் முதல் முகூர்த்தம் வருவதற்குள் பழைய கல்யாணம் ஒன்றை முழுதாக எக்ஸ்போர்ட் எடுத்துப் பாருங்கள். நடு சீசனில் டிரைவரையும் ரிசால்வையும் அப்டேட் செய்யாதீர்கள்.

24 ஆகஸ்ட் 2025

மூன்று கேமரா மல்டிகேம் பிராக்ஸி இல்லாமலே ஓடுகிறதாம், வீடியோ டீகோட் கோடு மேலே ஏறி நிற்கும் படத்தை அனுப்பியிருக்கிறார். மிகவும் மகிழ்ச்சி. நாய்ஸ் ரிடக்‌ஷனில் இன்னும் மெதுவாகத்தான் இருக்கிறது என்கிறார். இருக்கும். அது எந்தக் கார்டிலும் கனமான வேலை.

பழைய 1650ஐ விற்க வேண்டாம் தம்பி. நீங்கள் சொன்ன மாடலுக்குத் தனிக் கேபிள் தேவையில்லை, 75 வாட்டுக்குள் மதர்போர்டிலிருந்தே எடுத்துக்கொள்ளும். பழைய எடியஸ் வேலைக்கு நீங்கள் வைத்திருக்கும் இன்னொரு கணினியில் இப்போது கார்டே இல்லை என்று எழுதியிருந்தீர்கள், அதில் மாட்டி இரண்டாவது மானிட்டரைக் கொடுங்கள். எடியஸ் பல வருடமாக இன்டெல் குயிக் சின்க்கை நம்பியே எச்.264ஐ ஓட்டுகிறது, அதனால் அங்கே பயாஸில் உள் கிராபிக்ஸை அணைக்காமல் விடுங்கள்.